கணையத்தைக் காக்க எதை வாங்கலாம்? புகைப்பவர்களுக்கு ஒரு நேரடி ஒப்பீடு

"சிகரெட்டை இப்போதைக்கு விட முடியாது, அதுவரைக்கும் கணையம் கெடாமல் இருக்க ஏதாவது மாத்திரை சொல்லுங்கள்" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ கணையத்தில் ஏதோ வந்து, டாக்டர் புகையைக் கைகாட்டிய பிறகு பயம் பிடித்துக்கொண்டவர்கள் பாதி. சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் இணையத்தில் தேட ஆரம்பித்தவர்கள் மீதி. தேடினால் கிடைப்பது ஒரு பெரிய கடைவீதி: ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல், மஞ்சள் கேப்சூல், மீன் எண்ணெய், சிறுகுறிஞ்சான் பொடி, என்ஸைம் மாத்திரை, எல்லா டப்பாவிலும் கணையத்துக்கு நல்லது என்ற தோரணையில் ஒரு வரி.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகைத்துக்கொண்டே இருப்பவரின் கணையத்தைக் காக்கும் என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்ட சத்து மாத்திரை ஒன்றுகூடக் கிடையாது. அதற்காக எல்லாமே குப்பை என்று தள்ளவும் முடியாது, சிலருக்குச் சில நிலைமையில் சிலது உண்மையிலேயே உதவுகிறது. அந்தச் 'சிலர்' பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறக்கலாம்.

## புகையிலை கணையத்தில் என்ன செய்கிறது

கணையத்துக்கு இரண்டு வேலை. தினமும் ஒன்றரை லிட்டர் போலச் செரிமான நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புவது ஒன்று, இன்சுலின் சுரப்பது இன்னொன்று. புகையிலை இரண்டிலும் கை வைக்கிறது. நாள்பட்ட கணைய அழற்சி வரும் வாய்ப்பு புகைப்பவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு, கணையப் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு, இரண்டாம் வகை சர்க்கரை நோய் 30 முதல் 40 சதவீதம் கூடுதல். கூடவே குடியும் இருந்தால் ஒன்றுக்கொன்று துணை நின்று கெடுக்கும்.

இதில் நிக்கோட்டினின் பங்கு எவ்வளவு? எலிகளுக்கு நிக்கோட்டினை மட்டும் தனியாகக் கொடுத்தபோதே செரிமான நீர் சுரக்கும் செல்களுக்குள் குமிழ் குமிழாக வெற்றிடம் விழுந்தது, சுரப்பும் குறைந்தது. தாய் வயிற்றிலும் பால்குடிப் பருவத்திலும் நிக்கோட்டின் பட்ட எலிக்குட்டிகளுக்கு இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் குறைந்துபோயின. ஆக நிக்கோட்டின் அப்பாவி இல்லை. ஆனால் புகைக்குள் அதைவிடப் பெரிய ரவுடிகள் இருக்கிறார்கள். நிக்கோட்டினிலிருந்தே உருவாகும் என்.என்.கே. என்ற நைட்ரோசமைன் புற்றுநோயைத் தூண்டுவது, புகையில் உள்ள மற்ற நச்சுகள் கணையக் குழாய்களில் பைகார்பனேட் சுரப்பைக் குறைத்து நீரைக் கெட்டியாக்குவது என்று பட்டியல் நீளம். நைட்ரோசமைன்கள் புகை இல்லாத புகையிலையிலும் உண்டு. ஹான்ஸ், குட்கா போடுகிறவர்கள் "நான் புகைப்பதே இல்லையே" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். மெல்லும் புகையிலையும் கணையப் புற்றுக்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தெளிவாகவே வகைப்படுத்தியிருக்கிறது.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'நிக்கோட்டினுக்கு எதிராகப் பாதுகாப்பு' என்று விற்கிற பொருள், புகையில் வரும் ஏழாயிரத்துச் சொச்சம் ரசாயனங்களில் ஒன்றுக்கு எதிராகத்தான் பேசுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்வி கேட்பேன். மனிதர்களிடம் சோதித்தார்களா, இல்லை எலியோடு நின்றுவிட்டதா? எந்த நோய்க்கு என்று சோதித்தார்கள்: அழற்சியா, சுகரா, புற்றா? (இந்த மூன்றையும் 'கணையப் பாதுகாப்பு' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதில்தான் பாதி ஏமாற்று வேலை நடக்கிறது.) புகைப்பவர் உடம்பில் அதே பொருள் கெடுதலாக மாறுமா? கடைசியாக, விலைச்சீட்டில் இல்லாத செலவு என்ன?

இந்த நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தைவானில் நடந்து 2011-இல் வெளியான ஒரு ஆய்வு. தினமும் புகைப்பவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து எல்லோருக்கும் சத்தே இல்லாத வெற்று மாத்திரைதான் கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் மட்டும் "இது வைட்டமின்" என்று சொன்னார்கள். அப்புறம் ஏதோ ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி உட்கார வைத்து, விருப்பமிருந்தால் புகைக்கலாம் என்று விட்டால், வைட்டமின் எடுத்ததாக நம்பியவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஊதினார்கள். அதாவது மாத்திரை தருகிற தைரியமே ஒரு பக்கவிளைவு. "அதான் காலையில் கேப்சூல் போட்டாச்சே" என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்கிறது. கீழே வருகிற எல்லாச் சத்து மாத்திரைகளுக்கும் இந்தச் செலவு உண்டு, ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்லப்போவதில்லை.

## ஆன்டிஆக்ஸிடன்ட் கலவை (வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், செலினியம்)

அதிகம் விற்பதும் இதுதான், அதிகம் சோதிக்கப்பட்டதும் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சொல்லப்படும் காரணம் கேட்க நன்றாகவே இருக்கிறது: புகை செல்களில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகிறது, ஆன்டிஆக்ஸிடன்ட் அதைத் தணிக்கும். எலிகளில் இது பலித்தும் இருக்கிறது. நிக்கோட்டின் கொடுத்த தாய் எலிக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் கலவையையும் சேர்த்துக் கொடுத்தபோது குட்டிகளின் பீட்டா செல் இழப்பு தடுக்கப்பட்டது. மனிதர்களிடம் வந்தபோது கதை மாறியது.

பின்லாந்தில் 1985 முதல் 1993 வரை 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 29,133 ஆண் புகைப்பவர்களுக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், இரண்டும், அல்லது வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது, இறப்பும் 8 சதவீதம் கூடியது. கணையப் புற்றைத் தனியாக எண்ணிப் பார்த்ததிலும் இரண்டு வைட்டமினாலும் சொல்லிக்கொள்ளும்படி எந்தப் பலனும் இல்லை. அமெரிக்காவில் புகைப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என்று 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் கொடுத்த இன்னொரு சோதனையை, நுரையீரல் புற்று 28 சதவீதம் கூடியதைக் கண்டு 1996 ஜனவரியில் 21 மாதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். நல்லது செய்யும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை, புகைப்பவர்களிடம் தலைகீழாகப் போன கதை இது. கண் டாக்டர்கள் இதைக் கவனித்தார்கள். விழித்திரை தேய்மானத்துக்குக் கொடுக்கும் மாத்திரையில் பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டீன் போட்ட வகையைத்தான் புகைப்பவர்களுக்கு எழுதுகிறார்கள். நம் ஊர் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' கேப்சூல்களில் பீட்டா கரோட்டின் இன்னும் சர்வசாதாரணமாக இருக்கிறது.

செலினியமும் லேசுப்பட்டது இல்லை. தோல் புற்று வந்த அமெரிக்கர்களுக்குத் தினம் 200 மைக்ரோகிராம் கொடுத்துப் பல ஆண்டு கவனித்ததில் சர்க்கரை நோய் வந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவைவிட அதிகம். சுகருக்குப் பயந்து கணையத்தைக் காக்கப் போகிறவர் சுகரைக் கூட்டுகிற பொருளை விழுங்கலாமா? வைட்டமின் ஈ 400 யூனிட் தினம் எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியது என்று 2011-இல் வந்த முடிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் எப்போதுதான் இது உதவும்? ஏற்கெனவே நாள்பட்ட கணைய அழற்சி வந்து வலியில் தவிப்பவர்களுக்கு. 2009-இல் டில்லி எய்ம்ஸ் வெளியிட்ட சோதனையில் 127 பேரை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு ஆறு மாதம் செலினியம், வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், மெத்தியோனைன் கலவையைக் கொடுத்தார்கள். மாதத்தில் வலி வரும் நாட்கள் நன்றாகக் குறைந்தன, வலியே இல்லாமல் போனவர்கள் 32 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 13 சதவீதம். ஆனால் 2012-இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் இதே போன்ற கலவையைக் கொடுத்தபோது ரத்தத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு ஏறியது, வலி குறையவில்லை. டில்லியில் பெரும்பாலும் இளம் வயதினர், குடியால் வராத அழற்சி. மான்செஸ்டரில் வயது கூடியவர்கள், பெரும்பாலும் குடியால் வந்தது. தென்னிந்தியாவில் குடியும் புகையும் இல்லாத இளைஞர்களுக்கே கணையத்தில் கல் விழுந்து வரும் வெப்பமண்டல அழற்சி உண்டு, அவர்கள் டில்லிக் கூட்டத்துக்கு நெருக்கம் என்பது என் கணிப்பு. எப்படியோ, அது குடல் மருத்துவர் பார்த்து எழுத வேண்டிய சீட்டு. ஆரோக்கியமான கணையத்தோடு தினம் ஒரு பாக்கெட் ஊதுகிறவருக்கான முன்னெச்சரிக்கையாக இதை எடுத்துக்கொள்ள முடியாது.

வாங்கியே தீர்வேன் என்பவர்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் பீட்டா கரோட்டின் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். அதே இடத்தில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வரியும் ஆங்கிலத்தில் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி சத்து மாத்திரையில் அதை அச்சடித்தாக வேண்டும். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் கணையம், பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் கைகழுவல்.

## மஞ்சள், குர்குமின் கேப்சூல்

இதற்கு உள்ளூர்ப் பெருமை ஒன்று உண்டு. நிக்கோட்டினால் எலிகளுக்கு வரும் சேதத்தை மஞ்சளின் சத்தான குர்குமின் குறைக்கிறது என்று சோதித்துக் காட்டியவர்களில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். நல்ல வேலை. எலி வேலை.

மனிதர்களிடம் பேசத்தக்க சோதனை ஒன்று தாய்லாந்திலிருந்து 2012-இல் வந்தது. சுகர் எல்லைக்கோட்டில் இருந்த 240 பேரில் ஒன்பது மாதம் குர்குமின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் சர்க்கரை நோய் வரவில்லை, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16.4 சதவீதம் பேருக்கு வந்துவிட்டது. கேட்டால் பிரமிப்பாக இருக்கிறது. ஒரே ஒரு சோதனை இவ்வளவு அழகான விடை தந்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும், இன்னும் இரண்டு மூன்று இடத்தில் இதே அளவுக்குப் பலிக்கட்டும் என்று காத்திருக்கிறேன். புகைப்பவர்களின் கணையம் பற்றி அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை.

மறைவான செலவு ஈரலில் வரும். மஞ்சள் அப்படியே உடம்பில் ஏறாது, அதனால் கம்பெனிகள் மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்க்கின்றன. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சுதல் 20 மடங்கு கூடுகிறது என்று 1998-இல் பெங்களூரில் கண்டுபிடித்தார்கள். குர்குமின் ஏறினால் பரவாயில்லை, நீங்கள் எடுக்கும் மற்ற மருந்துகளின் அளவும் ரத்தத்தில் கூடவே ஏறலாம். மஞ்சள் கேப்சூல் எடுத்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததால் 2019-இல் இத்தாலி அரசு எச்சரிக்கை விட்டது. ஆஸ்திரேலியாவும் பின்னர் அதே வழியில் போனது. "நாங்கள் தலைமுறை தலைமுறையாக மஞ்சள் சாப்பிடுகிறோம்" என்ற வாதம் இங்கே செல்லாது. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 95 சதவீதச் செறிவுள்ள 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்று ஏறக்குறைய 15 கிராம் தூளுக்குச் சமம், அதாவது ஐந்து டீஸ்பூன். சாம்பாரில் யாரும் அவ்வளவு போடுவதில்லை.

பித்தக்கல் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கிறது. சுருங்கும்போது சின்னக் கல் ஒன்று நழுவி, கணையக் குழாய் திறக்கும் வாயில் போய் அடைத்தால் திடீர் கணைய அழற்சி. எதைத் தடுக்க வாங்கினோமோ அதையே கூப்பிட்டது போலாகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்களுக்கு சமையல் மஞ்சள் போதும், செலவும் இல்லை.

## மீன் எண்ணெய்

இது உண்மையாகவே கணையத்தோடு தொடர்புள்ள ஒரு இடம் உண்டு: ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு. ரத்தத்தில் அது 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து நிஜமானது, 500-ஐத் தாண்டினாலே டாக்டர்கள் கவலைப்பட ஆரம்பிப்பார்கள். புகை ட்ரைகிளிசரைடைக் கூட்டும், குடி இன்னும் கூட்டும், கட்டுக்கடங்காத சுகர் அதற்கும் மேல். இப்படிப்பட்டவருக்கு மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பை மருந்து அளவில் கொடுத்தால் ட்ரைகிளிசரைடு இறங்கும்.

மருந்து அளவு என்றால் தினம் 4 கிராம் போல. கடையில் கிடைக்கும் 1,000 மில்லிகிராம் கேப்சூலில் வேலை செய்யும் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்த்துப் பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான், மீதி வெறும் எண்ணெய். கணக்குப் போட்டால் தினம் பதின்மூன்று கேப்சூல் விழுங்க வேண்டும். ஒன்றிரண்டு விழுங்குவதில் மீன் ஏப்பம்தான் மிச்சம். அதிக அளவில் எடுத்தால் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்தும் இருக்கிறது.

ஆக லிப்பிட் டெஸ்ட் எடுங்கள். ட்ரைகிளிசரைடு 500-க்கு மேல் என்றால் டாக்டரிடம் போங்கள், அவர் கொடுக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். அதற்குக் கீழே என்றால் வாரம் இரண்டு நாள் மத்தியோ கானாங்கெளுத்தியோ குழம்பு வையுங்கள். பொரித்தெடுத்தால் பாதிப் புண்ணியம் எண்ணெய்ச் சட்டியோடு போகும்.

## சிறுகுறிஞ்சான், கருஞ்சீரகம் வகையறா

'கணையத்தைப் புதுப்பிக்கும்' என்ற விளம்பரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் 1990-இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் 22 பேருக்கு மாத்திரையோடு சேர்த்து சிறுகுறிஞ்சான் சாறு 400 மில்லிகிராம் தினமும், 18 முதல் 20 மாதம் வரை. சுகர் குறைந்தது, ஐந்து பேர் வழக்கமான மாத்திரையையே நிறுத்த முடிந்தது. பீட்டா செல்கள் மீண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். 'இருக்கலாம்' என்று எழுதியது விளம்பரத்தில் 'ஆகிவிட்டது' ஆனது. 22 பேர் என்பது ஒரு மினிபஸ் கூட்டம். அதை வைத்து நாடு முழுக்கச் சீட்டு எழுத முடியாது.

சுகர் மாத்திரை ஏற்கெனவே எடுப்பவர் இதையும் சேர்த்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயங்கலாம், குறிப்பாக கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரை எடுப்பவர்கள். சித்த மருத்துவரிடம் காட்டி எடுக்கிறவர்கள் அவரிடம் அலோபதி மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். இரண்டு டாக்டருக்கும் மற்றவர் கொடுப்பது தெரியாமல் ஓட்டுவதுதான் நம் வீடுகளில் நடக்கிற பெரிய விபரீதம். கருஞ்சீரகம் எலியில் நன்றாக இருக்கிறது, மனிதர்களிடம் சுகரில் கொஞ்சம் அசைவு காட்டியிருக்கிறது. புகைப்பவர்களின் கணையத்தைக் காக்கும் என்று சொல்ல எதுவும் இல்லை.

## என்ஸைம் மாத்திரை

இதில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்கிறார்கள். மருந்துக்கடையில் கேட்டதும் கொடுக்கும் செரிமான மாத்திரை, சிரப்பில் இருப்பது பப்பாளியிலிருந்து எடுத்த பப்பைன், பூஞ்சையிலிருந்து எடுத்த டயாஸ்டேஸ். கணையம் கெட்டவருக்கு எழுதுவது பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த பான்கிரியாட்டின், 10,000 அல்லது 25,000 லைபேஸ் யூனிட் என்று அளவு போட்டு வரும், சாப்பாட்டின் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். மலம் எண்ணெய் மிதக்கப் போகிறது, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது, எடை இறங்குகிறது என்றால் மல எலாஸ்டேஸ் டெஸ்ட் எடுத்து, கணையச் சுரப்பு குறைவு என்று உறுதியானால் அதைவிட நல்ல மருந்து கிடையாது. நல்ல கணையம் உள்ளவருக்கு 'ஓய்வு கொடுக்கும்' என்று எடுப்பது வீண்.

இன்னொன்று, நல்ல பாக்டீரியா கேப்சூல், அதாவது புரோபயாட்டிக். திடீர் கணைய அழற்சியில் இருப்பவர்களுக்கு நெதர்லாந்தில் கொடுத்துப் பார்த்தபோது புரோபயாட்டிக் குழுவில் 16 சதவீதம் பேரும் வெற்றுக் குழுவில் 6 சதவீதம் பேரும் இறந்தார்கள், 2008-இல் வெளியானது. வயிற்றுவலியோடு இருக்கும்போது வீட்டிலேயே எதையும் முயற்சிக்க வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

## கொய்யாவும் நெல்லிக்காயும்

புகைப்பவர் உடம்பில் வைட்டமின் சி சீக்கிரம் தீர்ந்துபோகும், அது உண்மை. அமெரிக்கப் பரிந்துரைப்படி மற்றவர்களைவிடத் தினம் 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும். அரைக் கொய்யாப்பழத்தில் அது கிடைத்துவிடும். 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது, பெருநெல்லியில் அதைவிடவும். பற்றாக்குறையை நிரப்பும், கணையத்துக்குக் கவசம் என்று சொல்ல மாட்டேன். 1,000 மில்லிகிராம் மாத்திரையைத் தினம் சப்பும் ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் வாய்ப்பு கூடுகிறது என்பதால் பழமே மேல், விலையும் அதுதான் குறைவு. சுகர் இருப்பவர்கள் நெல்லிக்காயைத் தேனில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு மருந்து என்று சொல்லாதீர்கள்.

## நிக்கோட்டின் சூயிங்கம், பேட்ச், வரெனிக்லின்

"நிக்கோட்டின்தான் கெடுதல் என்றீர்களே, இப்போது அதையே மெல்லச் சொல்கிறீர்களா?" நியாயமான கேள்வி. சூயிங்கத்தில் உள்ள நிக்கோட்டினும் இன்சுலின் வேலையைக் கொஞ்சம் மந்தமாக்கலாம், அதனால் வருடக்கணக்கில் மென்றுகொண்டிருக்கக் கூடாது. ஆனால் அதில் புகை இல்லை, தார் இல்லை, புகையோடு வரும் அந்த நச்சுப் பட்டாளம் இல்லை, மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய வேலை. சிகரெட்டை நிறுத்தினால் கணையப் புற்று ஆபத்து படிப்படியாக இறங்கி 10 முதல் 20 ஆண்டில் புகைக்காதவர்களின் நிலைக்கு அருகில் வருகிறது. ஏற்கெனவே கணைய அழற்சி உள்ளவர்கள் விட்டால் கணையத்தில் கால்சியம் படிவதும் குறைகிறது. மேலே பார்த்த எந்தக் கேப்சூலும் இந்த இரண்டில் ஒன்றையாவது செய்து காட்டியதில்லை.

சூயிங்கம், பேட்ச் போன்ற நிக்கோட்டின் மாற்று எடுத்தால் வெற்றிகரமாக விடும் வாய்ப்பு 50 முதல் 60 சதவீதம் கூடும். பேட்ச்சோடு சூயிங்கமும் சேர்த்தால் தனித்தனியாக எடுப்பதைவிட நல்லது. வரெனிக்லின் மாத்திரை, டாக்டர் சீட்டோடு 12 வாரம், வாய்ப்பை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டும். குமட்டலும் விசித்திரக் கனவும் வரும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவு குறைக்க வேண்டும்.

நம் ஊரில் சூயிங்கம் தோற்பதற்குக் காரணம், அதைப் பபிள்கம் மாதிரி மென்று தள்ளுவது. அப்படி மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் தரும், "இது எனக்குச் சேராது" என்று இரண்டாம் நாளே டப்பா மேசை இழுப்பறைக்குள் போய்விடும். காரம் நாக்கில் தட்டும்வரை மெதுவாக மெல்லுங்கள், தட்டியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள், காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், அரை மணி நேரம் இப்படியே. மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்தே காபி, ஜூஸ், சோடா கூடாது, வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் ஏறாது. டீக்கடையில் டீயோடு மெல்லுகிறவர்கள் காசைத் துப்புகிறார்கள். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம், அப்புறம் பற்றவைப்பவர்களுக்கு 2.

இதற்கும் மறைவான செலவு உண்டு, பேசாமல் விடக்கூடாது. விட்ட முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறும். அந்த எடையால் முதல் சில வருடம் சுகர் வரும் வாய்ப்புகூடக் கொஞ்சம் கூடலாம், பிறகுதான் இறங்கும். "விட்டதும்தான் சுகர் வந்தது" என்று ஊரில் பேசுகிறார்களே, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்து நடை, மறுபடி பற்றவைப்பது அல்ல. ஏற்கெனவே சுகர் இருப்பவர்கள் விடும் மாதத்தில் அடிக்கடி சோதியுங்கள், மருந்தின் அளவு மாறலாம். காபியையும் பாதியாக்குங்கள். புகையில் உள்ள பொருட்கள் காஃபீனை வேகமாகக் கழிக்க வைத்துக்கொண்டிருந்தன, விட்டதும் அதே மூன்று டம்ளர் காபி ஆறு போல வேலை செய்து கையை நடுங்க வைக்கும், நாமோ அதை நிக்கோட்டின் ஏக்கம் என்று நினைத்துக்கொள்வோம்.

கர்ப்பிணிகள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே இதில் எதையும் தொட வேண்டும்.

## காசுக் கணக்கு, அப்புறம் யாருக்கு எது

ஒரு சிகரெட் 20 ரூபாய், நாளைக்குப் பத்து என்று வைத்தாலும் மாதம் 6,000 ரூபாய் புகைக்கு. இதற்கு மேல் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட், ஒரு மஞ்சள், ஒரு மீன் எண்ணெய் என்று மூன்று டப்பா வாங்கினால் கெடுப்பதற்கும் காப்பதற்கும் ஒரே பாக்கெட்டிலிருந்து பணம் போகிறது. சூயிங்கம் செலவு மூன்று மாதத்தில் முடியும், கூடவே சிகரெட் செலவும் நிற்கும். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356, தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணமில்லை. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

கணையம் நன்றாக இருக்கிறது, புகைக்கிறேன், கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது என்பவர் முழுப் பணத்தையும் கடைசியாகச் சொன்ன புகையை விடும் வழியில் போடுங்கள், மிச்சத்துக்குக் கொய்யா. சுகர் எல்லைக்கோட்டில் இருப்பவரும் அப்படியே, கூடவே மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1சி டெஸ்ட் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ட்ரைகிளிசரைடு அதிகம் உள்ளவர் மீன் எண்ணெய் பற்றி டாக்டரிடம் பேசலாம். அழற்சி வந்து வலி இருப்பவர் ஆன்டிஆக்ஸிடன்ட் கலவை தனக்கு ஒத்துவருமா என்று குடல் மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை, புகையை விட்டபடியே. இப்போதைக்கு விடவே முடியாது என்பவர், குறைந்தது குடியைப் புகையோடு சேர்க்காமல் இருங்கள். பீட்டா கரோட்டின் மட்டும் வேண்டாம்.

எந்த டப்பாவும் வாங்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களும் இருக்கிறார்கள்: மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போய், முன்னால் குனிந்தால் கொஞ்சம் தணியும் வலி, கண் மஞ்சள், 50 வயதுக்கு மேல் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சுகர் திடீரென்று வந்து, கூடவே எடையும் இறங்குவது. இந்த மூன்றாவதைப் பலரும் வெறும் சுகர் என்று மாத்திரையோடு விட்டுவிடுகிறார்கள். புகைத்தவர் என்றால் வயிற்று ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.